கூரைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கிடங்கு. பெயர் எதற்கு? அந்தப் பக்கத்தில் எல்லாக் கிடங்குகளும் நீலத் தகரக் கூரை, நம்பர் எழுதிய ஷட்டர், வாசலில் பதிவேட்டோடு ஒரு செக்யூரிட்டி என்று ஒரே சாயலில்தான் நிற்கின்றன. முன்னால் டிரெய்லர் வட்டமடிக்கும் அளவுக்கு யார்டு. பாதி கான்கிரீட், பாதி ஜல்லி. முந்தின நாள் மழையில் ஜல்லிப் பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கள் லாரியின் முறை வர சாயங்காலம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

யார்டில் ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட். 3 டன் தூக்கும். மஞ்சள் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் துரு. அதை ஓட்டுகிறவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் ஒரு துண்டு. ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்க்கிறார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கிறார். மாஸ்ட் சங்கிலியை விரலால் அழுத்திப் பார்க்கிறார். கேனில் வந்த டீசலைப் புனல் வைத்து ஊற்றுகிறார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். இனி பொழுது சாயும்வரை அந்த வண்டி யாரிடமும் எதுவும் கேட்காது. சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் கறும்புகை ஒரு கொத்தாகக் கிளம்பிக் காற்றில் கலைகிறது. காவலாளியின் நாய் மட்டும் எழுந்து இடம் மாறிப் படுக்கிறது.

உள்ளே ஓடுவது பேட்டரி வண்டி. 2 டன். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் ஓட்டுகிறான். அவன் வண்டியைக் கிளப்புவதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. அடியில் 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். லிவரை இழுத்தால் பம்ப் மோட்டார் முனகும். மற்றபடி, வண்டி வருகிறது என்று சொல்வது தரையில் அதற்கு முன்னால் ஓடிவரும் நீல விளக்கு வட்டம்தான். ரேக்குகளுக்கு நடுவில் போனைப் பார்த்தபடி நின்ற லோடுமேன் ஒருவரின் செருப்புக்கு அருகில் அந்த வட்டம் வந்து நின்றது. அவர் துள்ளி விலகினார்.

"ஹாரன் அடிச்சா என்னடா?"

"அடிச்சேன்ணே. நீங்கதான் காதுல மாட்டியிருக்கீங்க."

டீசல் வண்டியில் இந்தப் பேச்சே எழாது. அது வருவது அடுத்த ஷட்டர் வரை கேட்கும். சத்தம் பெரிய தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லை இத்தனை நாளும் ஒரு காவல் வேலையையும் பார்த்துவந்தது. பேட்டரி வண்டி வந்த இடங்களில் அந்தக் காவலை விளக்கு, கண்ணாடி, தரையில் போட்ட மஞ்சள் கோடு என்று வேறு வழிகளில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு வண்டிக்கும் தூக்கும் விதத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் சீசாப் பலகைதான். முன் அச்சு நடுக்கட்டை. முன்னால் ஃபோர்க்கின் மேல் லோடு, பின்னால் அதை ஈடுகட்டும் எடை. மாஸ்ட், சங்கிலி, ஹைட்ராலிக் ஆயில், பின் சக்கரத்தால் திரும்புவது எல்லாம் பொது. டீசல் வண்டியின் பின்பக்கத்தில் கனமான வார்ப்பிரும்புக் கட்டி. பேட்டரி வண்டியிலும் கட்டி உண்டு, ஆனால் அந்த வேலையில் ஒரு பங்கைப் பேட்டரியே செய்துவிடுகிறது. 48 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒரு டன்னை நெருங்கும் எடை கொண்டது. காரில் எடை சாபம். இங்கே அதுவே உபயோகம். வண்டியில் அடித்திருக்கும் தகட்டில், ஃபோர்க்கின் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் லோடின் மையம் இருந்தால் இத்தனை கிலோ என்று எழுதியிருப்பார்கள். பெட்டி நீளமாகி மையம் தள்ளிப் போனால் தூக்கும் கணக்கு குறையும். மோட்டாரோ எஞ்சினோ இந்த விதியை மாற்ற முடியாது.

இன்னொரு விஷயம். பேட்டரி வண்டியைப் புதுசு என்றும் டீசலைப் பழசு என்றும் எல்லோரும் பேசுகிறோம். வரலாறு நேர்மாறு. அமெரிக்காவில் பென்சில்வேனியா ரயில்வே, ஆல்டூனா நிலையத்தில் மூட்டை முடிச்சுகளை நகர்த்த 1906-லேயே பேட்டரி வண்டியை ஓட்டியது. 1923-ல் யேல் நிறுவனம் ஃபோர்க்கும் உயர்கிற மாஸ்டும் வைத்து விட்ட வண்டி மின்சார வண்டிதான். இன்றைய ஃபோர்க்லிஃப்ட்டின் தாத்தா என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு டிரெய்லர் வந்தது. மரச்சட்டம் அடித்த இயந்திரப் பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டரை டன் இருக்கும் என்றார்கள். டிரெய்லர் நின்ற இடம் ஜல்லி. பேட்டரி வண்டி ஷட்டர் வாசலோடு நின்றுகொண்டது. டீசல் வண்டி மட்டும் சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கியது.

அந்த மனிதரின் கால்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரில் அழுத்தமாக இருக்கிறது. எஞ்சின் உறுமுகிறது. ஆனால் வண்டி நத்தை வேகத்தில்தான் பெட்டியை நோக்கி நகர்கிறது. காரணம் இடது கால். இடது ஓரத்தில் இன்ச்சிங் பெடல் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பாதி அழுத்தினால் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போவது குறையும். பம்புக்குப் போவது குறையாது. டீசல் வண்டியில் மாஸ்ட் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே உறுமவும் வேண்டும், ஊரவும் வேண்டும். ஃபோர்க் பெட்டிக்கு அடியில் நுழைந்தது. பெட்டி ஒரு சாண் எழும்பியது. டில்ட் லிவரைத் தொட்டு மாஸ்ட்டை லேசாகப் பின்னால் சாய்த்தார். அப்படியே ரிவர்ஸில் ஜல்லியைக் கடந்து, கான்கிரீட் சரிவுக்கு வந்ததும் திரும்பி, பெட்டி மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும்படி ஏறினார். சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் லோடு மேட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பின் சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பிடித்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சேற்றில், அந்தச் சரிவில், அந்த எடைக்கு டீசலைக் குறை சொல்ல என்னால் ஆகாது. மழையிலும் மேடு பள்ளத்திலும் ஓடவென்றே செய்த 80 வோல்ட் மின்சார வண்டிகள் இப்போது வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் விலை வேறு. ஜல்லி கொட்டிய யார்டை வைத்திருக்கும் முதலாளி, அதைக் கான்கிரீட் போடுவதையே மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறவர், அந்த விலையைக் கொடுக்கமாட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை. பையன் வண்டியைச் சார்ஜர் பக்கம் கொண்டுபோய்ப் பிளக்கைச் செருகிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தான். சூப்பர்வைசர் கண்ணில் பட்டது.

"தம்பி, எத்தனை தடவை சொல்றது? மொபைல் மாதிரி அப்பப்ப சொருகாதேன்னு."

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது சார். நேத்தே மூணு மணிக்கு விழுந்துடுச்சு."

"சொருகிச் சொருகித்தான் அது தாங்காம போச்சு."

இருவர் சொல்வதும் சரி. ஈய அமில பேட்டரிக்கு ஒரு நாள் என்பது மூன்று எட்டு: 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஆறுவதற்கு. அதன் ஆயுள் சுமார் 1,500 சார்ஜ். வேலை நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஐந்து வருடம் வரும். சாப்பாட்டு நேரத்தில் அரைமணி செருகினாலும் அந்தக் கணக்கிலிருந்து கழிவு விழும். சூடு அடங்காமல் மறுபடி ஓடும், தகடுகள் கெடும், நாளடைவில் கொள்ளளவு குறையும், குறைந்ததால் மறுபடி நடுவில் செருகத் தோன்றும்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அது நடந்தது. மூன்றாம் அடுக்கில் ஒரு பேலட் பிஸ்கட் பெட்டிகளை ஏற்ற வேண்டும். பையன் லிவரை இழுக்கிறான், மாஸ்ட் அசையவில்லை. மீட்டரில் சிவப்பு. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே வண்டி தூக்குவதை நிறுத்திக்கொள்ளும். ஓடும், இறக்கும், ஆனால் தூக்காது. அதற்குக் கீழே பேட்டரியை உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்பதால் செய்த ஏற்பாடு. பையன் பேலட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போனான்.

வெளியே நான்கு லாரிகள் காத்திருந்தன. சூப்பர்வைசர் விசில் அடித்தார். டீசல் வண்டி கூரைக்குள் வந்தது.

இந்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும். யார்டில் வெறும் சத்தமாக இருந்த வண்டி, உள்ளே வந்ததும் வேறு பிராணி ஆகிவிட்டது. தகரக் கூரையில் பட்டுத் திரும்பிய உறுமலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை பேலட்டைத் தூக்க எஞ்சினை முறுக்கும்போதும் புகை. ரேக்குகளுக்கு நடுவில் காற்று கிடையாது. புகை மேலே போய்க் கூரைக்குக் கீழே தங்கி, மெல்ல இறங்கியது. பத்தாவது நிமிடத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் இருவர் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி இருமினாள். ஷட்டருக்கு மேலே சுவரில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேராக, ஆள் உயரத்துக்கு ஒரு கரிப் படலம் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்படியானால் இது என்றாவது ஒருநாள் நடக்கிற காரியம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை முதல் வகுப்பில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கும் என்று சந்தேகமில்லாமல் நிலைநாட்டப்பட்ட பொருள்களின் வகுப்பு அது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் வரிசை. துப்பட்டாவால் நிறுத்தக்கூடிய பொருளும் அல்ல, அந்தக் கரித்தூள் அத்தனை நுண்மையானது. பிஸ்கட் அட்டைப் பெட்டியில் டீசல் வாடை ஏறினால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. இருமுகிறவளுக்குப் படிவம் கிடையாது.

டீசல்காரரும் துண்டை இறக்கி வாயில் கட்டிக்கொண்டுதான் ஓட்டினார். எஞ்சின் அவர் இருக்கைக்கு நேர் அடியில். எட்டு மணி நேரம் அந்தச் சூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறவர். அவரைக் கேட்டால் டீசல் வண்டிதான் வண்டி என்பார். டீக்கடைப் பேச்சில் சொல்லவும் செய்தார்: "டீசல் முடிஞ்சா ஊத்துனா போச்சு. அது முடிஞ்சா நாளைக்கு வான்னு சொல்லும்."

டீ இடைவேளையில் சூப்பர்வைசர் ஓர் அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். முதலாளியிடம் காட்டவாம். டீசல் வண்டி மணிக்கு 3 லிட்டர் குடிக்கிறது, நாளுக்கு நிஜமாக ஓடுவது ஆறு மணி நேரம். 18 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் வைத்தால் 1,656. பேட்டரி வண்டியில் முழுப் பேட்டரி 28 யூனிட்; ஐந்தில் நாலு பங்குதான் செலவாகிறது; ஆனால் சார்ஜரும் பேட்டரியும் வழியில் தின்றுவிடுவதைச் சேர்த்துச் சுவரிலிருந்து 30 யூனிட் இழுக்கிறது. யூனிட் 8 ரூபாய் என்றால் 240. இரண்டும் ஒரே எடை தூக்கும் வண்டிகள் இல்லை என்பதை அவர் சௌகரியமாக மறந்துவிட்டார். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிசுதான். எஞ்சின் ஆயில், ஃபில்டர், பெல்ட் செலவு டீசல் பக்கம் இன்னும் ஏறும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லட்சங்களில் பேட்டரி வாங்குவது இந்தப் பக்கம் ஏறும். தொழிற்சாலை மின் இணைப்புக்கு மாலை உச்ச நேரத்தில் யூனிட்டுக்குக் கால் பங்கு கூடுதல், இரவு 10 மணிக்கு மேல் சிறு தள்ளுபடி. அதனால் சார்ஜரை இரவு 10 மணிக்கு ஓடும்படி வைத்திருக்கிறார்கள். காலை 6 மணிக்கு முடியும், 8 மணிக்கு வண்டி கிளம்பும். ஆறுவதற்கு எட்டு மணி நேரம் என்ற விதிக்கு அங்கே கிடைப்பது இரண்டு மணி நேரம். பேட்டரிக்கும் கரண்ட் பில்லுக்கும் நடக்கும் வழக்கில் எப்போதும் பில்தான் ஜெயிக்கிறது.

நாலரை மணிக்கு பேட்டரி மெக்கானிக் வந்தார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், கண்ணாடி மாட்டினார். இருக்கையைத் தூக்கிச் சாய்த்ததும் உள்ளே 24 செல்கள், ஆறு ஆறாக நாலு வரிசை. மூடிகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூப்பு. ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்தார். நாலைந்து செல்களில் தகடுகளின் தலை தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

"கடைசியா எப்பப்பா தண்ணி ஊத்துனீங்க?"

பையன் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தார். அதில் போன மாதம் வரை கையெழுத்து இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே நாளில் போட்ட மாதிரி.

மெக்கானிக் கிராவிட்டி பார்க்கும் கண்ணாடிக் குழாயை செல்லுக்குள் விட்டு ரப்பர்க் குமிழை அழுத்தி விட்டார். அமிலம் ஏறி உள்ளே மிதவை எழும்பியது. முழுச் சார்ஜில் 1280 காட்ட வேண்டும். ஒரு நாள் உழைப்புக்குப் பின் இறங்கியிருப்பது இயல்பு. ஆனால் எல்லாச் செல்லும் ஒருசேர இறங்க வேண்டும். பெரும்பாலானவை 1180-ஐ ஒட்டி இருந்தன. பதினேழாவது செல்லில் மிதவை எழும்பவே இல்லை. மறுபடி உறிஞ்சிப் பார்த்தார், அதே கதை. 24 பேர் சேர்ந்து இழுக்கும் வேலையில் ஒருவன் படுத்துவிட்டால் மூன்று மணிக்கு மாஸ்ட் நிற்பதில் வியப்பில்லை.

தண்ணீரை இப்போது ஊற்றலாமா என்று பையன் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெக்கானிக் கையால் தடுத்தார். சார்ஜ் ஏறும்போது அமிலம் உப்பும். முன்னாலேயே நிரப்பினால் பொங்கி வழியும். தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் இப்போது விட்டு, மிச்சத்தைச் சார்ஜ் முடிந்தபின் காலையில் ஊற்றச் சொன்னார். பிறகு சார்ஜர் இருக்கும் மூலையை நிமிர்ந்து பார்த்தார். சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் விசிறி. அதற்கு முன்னால் காலி அட்டைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். "இத முதல்ல எடுங்க" என்று மட்டும் சொன்னார். அட்டைகளை எடுத்தார்கள்.

பேட்டரி வண்டி விற்பவர்கள் பராமரிப்பே வேண்டாம் என்கிறார்கள். எஞ்சினுக்கு வேண்டிய பராமரிப்பு வேண்டாம் என்பது வரை நிஜம். டீசல் வண்டி முரட்டு உழைப்பாளி. ஆயிலை ஒரு மாதம் தள்ளி மாற்றினாலும் புகையோடு ஓடும், ஏனோதானோவென்று நடத்துகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளும். பொறுத்ததற்கான விலையை டீசல் பில்லிலும் அடுத்தவர் நுரையீரலிலும் வசூலிக்கும். ஈய அமில பேட்டரி ஒன்றையும் பொறுக்காது. ஊற்றாத தண்ணீர், நடுவில் செருகிய பிளக், தள்ளிப்போட்ட சார்ஜ் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு மூன்று மணிக்குக் காட்டும்.

இந்தக் கிடங்கில் மூன்றாவதாக ஒரு வண்டியும் இருந்தது. மாத வாடகைக்கு வந்த லித்தியம் வண்டி, மூன்றாம் ஷட்டரில். காலை டீக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்கு ஒருமுறை, மாலை டீக்கு ஒருமுறை அதைச் செருகினார்கள். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்படித்தான் செய்ய வேண்டும். காலியானாலும் இரண்டு மணி நேரத்தில் நிரம்பும், தண்ணீர் கேட்காது, சார்ஜாகும்போது வாயு வராது. அதன் பேட்டரி எடை குறைவு என்பதால் ஈடுகட்ட இரும்பைக் கூடுதலாக வைத்து அனுப்புகிறார்கள். எடை குறைந்ததே குறையாகிப்போகும் வண்டி இது.

டீசல்காரரை அன்று மாலை அதில் ஏறச் சொன்னார்கள், எங்கள் லாரியின் சரக்கை இறக்க. ஏறினார். பேலட்டை நெருங்கும்போது அவருடைய இடது கால் தானாக ஓரத்துக்குப் போய் வெறும் தரையை மிதித்தது. அங்கே பெடல் இல்லை. இன்னொரு முறையும் மிதித்தது. மூன்றாம் பேலட்டில் கால் அடங்கிவிட்டது. லிவரை மட்டும் தொட்டுத் தூக்கினார். அந்தச் சரக்கில் ஒரு பெட்டிகூட நசுங்காமல் நாற்பது நிமிடத்தில் இறங்கியது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் பையன்.

"சீட்டு சுடல" என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் வாங்கப்போகிறவர்கள் விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கட்டும். முதலில் தங்கள் தரையையும் கூரையையும் பார்க்கட்டும். ஜல்லி, சேறு, சரிவு, திறந்த வானம் என்றால் இன்றைக்கு டீசலே வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. தண்ணீர் ஊற்றவும் கையெழுத்தை உண்மையாகப் போடவும் ஒரு ஆளை வைக்க முடியுமானால் ஈய அமிலம் மலிவு. முடியாதென்றால் கடன் வாங்கியாவது லித்தியத்துக்குப் போங்கள். எதை வாங்கினாலும் சரி, டீசல் வண்டியை மட்டும் ஷட்டருக்கு உள்ளே விடாதீர்கள். லாரி நான்கு காத்திருந்தாலும் விடாதீர்கள்.